தண்டவாளத்துக்கு அடியில்

குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு அறுபத்து மூன்று. வித்தை யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தானே போக வேண்டும், போனார்.

குருவின் பெயர் சுகந்தி. கோயமுத்தூரில் பல் கட்டும் லேப் வைத்திருந்தார். பகலெல்லாம் ஊரார் வாய்க்குப் பல் செய்வார். லேப்புக்குப் பின்னால் ஓர் அறை. அங்கே மேசை உயரத்தில் பலகை போட்டு, அதன்மேல் சின்ன ரயில் ஓட்டுவார். விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிட வேண்டாம். எஞ்சின் உள்ளங்கை நீளம்தான். ஆனால் பாலம், சிக்னல், ஸ்டேஷன் எல்லாம் அளவு பிசகாமல் இருக்கும். இப்படி ரயில் ஓட்டுகிறவர்கள் அந்த ஊரில் இருபது பேர் இருந்தால் அதிகம். தண்டவாளம் போடுவதில் சந்தேகம் என்றால் அத்தனை பேரும் அவரிடம்தான் போவார்கள்.

சீடர் திருமலைசாமி. முப்பத்தைந்து வருடம் நிஜ ரயில்வேயில் தண்டவாளம் போட்டவர். கேங்மேனாகச் சேர்ந்து சூப்பர்வைசராக ஓய்வு பெற்றார். கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கக் கிளம்பிய நாளிலெல்லாம் எங்காவது மண் சரிந்துவிட்டது என்பார். மூன்று தடவை சரிந்திருக்கலாம். நான்காவது தடவை இவர்தான் போகாமல் இருந்திருப்பார் என்பது என் எண்ணம்.

வேலையில் இருந்தவரை ரயில்வே குவார்ட்டர்ஸ். ஜன்னலுக்கு வெளியே வண்டி போய்க்கொண்டே இருக்கும். ஓய்வு பெற்றதும் ஓர் அடுக்ககத்தில் இரண்டாம் மாடியில் வீடு வாங்கினார். அங்கே எந்த வண்டியும் போகவில்லை. மாலை நேரம் பரவாயில்லை, பூங்காவில் நடக்கிறவர்கள் உண்டு, டீக்கடை உண்டு. காலைப் பொழுதுதான் நகராது. ஒன்பது மணிக்குள் கட்டடமே வேலைக்கும் பள்ளிக்கும் போய்விடும். பிறகு மத்தியானம் வரை படிக்கட்டில் ஒரு காலடி கேட்காது. அந்த நேரத்தில் தான் ஒருவன் இருப்பதே தனக்கு மறந்துபோகிறது என்று அவர் ஒரு தடவை சொன்னார். தனிமை என்று அவர் சொல்லவில்லை. அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்குக் கூச்சம்.

அதனால்தான் ரயில் வாங்கினார். ஹாலில் எட்டடிக்கு ஐந்தடி ப்ளைவுட் பலகை. அதற்குக் கால்கள். பலகைமேலேயே சுற்றித் தண்டவாளம். காலை பத்து மணிக்கு ஒரு வண்டி, பதினொன்றே காலுக்கு ஒரு வண்டி.

பத்து நாள் ஓடியது. பதினோராம் நாள் காலையில், கதவில் தொங்கும் பால் பையில் பாக்கெட்டுக்கு அடியில் ஒரு தாள் கிடந்தது. பால் ஈரத்தில் எழுத்து கொஞ்சம் கலைந்திருந்தது.

‘மேல் வீட்டுக்கு. பகலில் உங்கள் வீட்டில் ஏதோ மெஷின் ஓடுகிறது. நான் ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்த்துவிட்டு வந்து காலையில்தான் தூங்குகிறேன். தயவுசெய்து நிறுத்தவும். கீழ் வீடு.’

முந்தின நாள் மாலை டியூட்டிக்குக் கிளம்பும்போது மாடி ஏறி வந்து பையில் போட்டிருக்க வேண்டும். ஆக, அந்த நகராத நேரத்தில் கட்டடத்தில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் தூங்க வேண்டும். இன்னொருவருக்கு ரயில் ஓட வேண்டும்.

அன்றைக்கே திருமலைசாமி குருவைத் தேடிப் போய்த் தாளைக் காட்டினார்.

“சத்தம் கேக்காம இருக்க, தண்டவாளத்துக்கு அடியில என்ன விரிக்கோணுமுங்க அம்மிணி?”

“இப்ப என்ன விரிச்சிருக்கீங்க?”

“ஒண்ணுமில்லீங்க. பலகை மேல நேரா.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிஜத் தண்டவாளத்துக்கு அடியில் ஓர் அடி ஜல்லி கிடக்கும், அதைத் தான் எப்படி இடித்து இறுக்குவது வழக்கம், தன் பகுதியில் எக்ஸ்பிரஸ் வண்டி போனால் டம்ளரில் தண்ணீர் ஆடாது என்றெல்லாம் ஆரம்பித்தார். சுகந்தி முழுக்கக் கேட்டார். பிறகு மேசையைக் காட்டினார்.

“படுங்க சார்.”

“எங்கீங்க?”

“மேசைக்கு அடியில.”

திருமலைசாமிக்கு முழங்கால் வலி. ஒரு கையை ஊன்றி, மறு கையை ஊன்றி, ஒருவழியாகத் தரையில் படுத்தார். சுகந்தி அடியில் ஒன்றும் விரிக்காத ஒரு துண்டுத் தண்டவாளத்தை மேலே வைத்து எஞ்சினை ஓடவிட்டார்.

“எப்படி இருக்குதுங்க?”

கீழேயிருந்து குரல் வந்தது.

“மாவு மில்லுல படுத்த மாதிரி இருக்குதுங்க.”

“கீழ் வீட்டுக்காரங்க பத்து நாளா அங்கதான் படுத்திருக்காங்க.”

பிறகு கார்க் ஒட்டிய துண்டு, ஃபோம் ஒட்டிய துண்டு, கம்பளித் துணி ஒட்டிய துண்டு என்று ஒவ்வொன்றாக ஓட்டினார். திருமலைசாமி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முப்பத்தைந்து வருடத்தில் ஒருநாள்கூட அவர் ரயிலைக் கீழேயிருந்து கேட்டதில்லை. எழுந்தபோது பெருமையெல்லாம் எங்கோ போயிருந்தது. சுகந்தி மூன்று தாள் கார்க் கொடுத்து, போய் விரித்துப் பாருங்கள் என்று அனுப்பிவைத்தார்.

விரித்தார். அந்த வாரமே பால் பையில் இரண்டாவது கடிதம் வந்தது.

‘மேல் வீட்டுக்கு. சத்தம் குறைந்திருக்கிறது. ஆனால் என் சமையலறைக்கு மேலே வரும்போது மட்டும் கர்ரென்று கேட்கிறது. கீழ் வீடு.’

சமையலறைப் பக்கம் என்றால் ஹாலின் கிழக்கு மூலை. குனிந்து பார்த்தார். கார்க் இரண்டு துண்டாகச் சேரும் இடத்தில் விரலளவு இடைவெளி விட்டிருந்தார், அங்கே தண்டவாளம் பலகையை உரசிக்கொண்டிருந்தது. மேலே நின்றிருந்த இவருக்குத் தெரியாதது கீழே படுத்திருந்தவருக்குத் தெரிந்திருக்கிறது. திருமலைசாமிக்கு அது ஆச்சரியமாக இருந்தது. கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு குருவிடம் போனார்.

சுகந்தி படித்துப் பார்த்தார்.

“நல்ல காது. நீங்க என்ன பதில் எழுதுனீங்க?”

“பதிலுங்களா? யோகா மேட் வாங்கிட்டேனுங்க. கார்க்குக்கு மேல அதை வெட்டி ஒட்டலாம்னு.”

சுகந்தி அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, மேட்டை எத்தனை மில்லிமீட்டரில் வாங்கினீர்கள் என்று விசாரித்தார். கேட்ட கேள்வி புரிகிற சீடர் கிடைப்பது எந்தக் குருவுக்கும் கஷ்டம்தான்.

மேட் ஒட்டி முடித்த நாலாம் நாள் மூன்றாவது கடிதம் வந்தது. இதில் தாள் நல்ல தாள், கோடு போட்டது.

‘மேல் வீட்டுக்கு. இப்போது மெஷின் மாதிரி இல்லை. ரயில் மாதிரி இருக்கிறது. ரயில்தானா? பத்து மணிக்கு ஒன்று, பதினொன்றே காலுக்கு ஒன்று போகிறது, சரியா? இரண்டாவது வண்டி கனமானது. முதல் வண்டி போனதும் தூங்கிவிடுகிறேன், அதனால் இரண்டாவது பல நாள் தெரிவதில்லை. ரோசலின், கீழ் வீடு.’

இந்தக் கடிதத்தைத் திருமலைசாமி குருவிடம் காட்டவில்லை. பதிலும் எழுதவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து பத்து மணி வண்டியைப் பத்து மணிக்கே கிளப்பினார், ஒரு நிமிடம் முன்பின் இல்லை. அதற்கு முன்னால் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டார். வீட்டில் யாரும் இல்லை, வரப்போவதும் இல்லை. இருந்தாலும் அந்த வண்டியைப் பனியனோடு ஓட்ட அவருக்கு மனசு வரவில்லை.

சந்தோஷம் வந்தால் மனிதன் சும்மா இருக்கமாட்டான். தண்டவாளம் மொட்டையாக இருக்கிறதே, ஜல்லி போட்டால் என்ன என்று தோன்றிவிட்டது. கருங்கல் தூளைச் சலித்து, ஸ்லீப்பர் கட்டைகளுக்கு இடையில் நிரப்பி, வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டார். காய்ந்ததும் மறுபடி விட்டார். மூன்றாம் தடவை விட்டார். ஒரு கல் அசையக் கூடாது. பார்க்க நிஜ லைன் மாதிரியே இருந்தது. மறுநாள் பத்து மணி வண்டியை ஓட்டினார், பதினொன்றே கால் வண்டியையும் ஓட்டினார். அதற்கடுத்த காலையில் கடிதம் இருந்தது. தாள் பழையபடி கிழித்த தாள்.

‘மேல் வீட்டுக்கு. நேற்று ராத்திரி என் வார்டில் இரண்டு பேர் போய்விட்டார்கள். ஒன்று நாலு வயசுக் குழந்தை. வந்து படுத்தால் உங்கள் வண்டி முன்னைவிட மோசமாகத் தலைமேல் ஓடுகிறது. கண்ணை மூட முடியவில்லை. இனிமேல் என்னால் முடியாது.’

பெயர் இல்லை. கீழ் வீடு என்றுகூட இல்லை.

திருமலைசாமி அன்று வண்டியைக் கிளப்பவில்லை. தண்டவாளத்தில் ஒரு சாண் நீளத்தை ஜல்லியோடு பெயர்த்து, துண்டில் சுற்றிக்கொண்டு லேப்புக்குப் போனார். சுகந்தி யாருக்கோ கடைவாய்ப் பல்லுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தார். திருமலைசாமி கடிதத்தையும் தண்டவாளத்தையும் மேசைமேல் வைத்துவிட்டு நின்றார்.

“அடியில கார்க் இருக்குது, மேட் இருக்குது. அப்பறம் ஏனுங்க சத்தம் திரும்பி வந்துச்சு?”

சுகந்தி கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு பல் சுரண்டும் ஊசியை எடுத்துத் தண்டவாளத்தின் ஓரத்தில் ஒரு கல்லைக் குத்தினார். அது வரவில்லை.

“இவ்வளவு பசை எதுக்குங்க சார்?”

“கல் அசைஞ்சா கேங்மேனுக்கு அவமானமுங்க.”

“பசை மேட்டத் தாண்டி, கார்க்கத் தாண்டி, பலகை வரைக்கும் எறங்கிக் கெட்டியாயிருச்சு. இப்ப தண்டவாளம், கல்லு, பலகை எல்லாம் ஒண்ணாச்சு.”

“அப்ப எத்தன மெத்தை விரிச்சாலும்…”

“தொடற எடம் ஒண்ணு இருந்தாப் போதுமுங்க. சத்தம் அது வழியாப் போயிரும்.”

எதுவும் எதையும் தொடாமல் எப்படிப் போடுவது என்று திருமலைசாமி கேட்டார். சுகந்தி பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். காய்ந்தாலும் ரப்பர் மாதிரி வளைகிற பசை இருக்கிறது, அதை மட்டும் போட வேண்டும். கார்க்கை ஜல்லியைவிட அகலமாக வெட்ட வேண்டும், கடைசிக் கல்லும் கார்க்கின்மேலேயே நின்றுவிட வேண்டும். ஓர் ஆணிகூடப் பலகையில் இறங்கக் கூடாது. பலகையின் கால்களுக்கு அடியிலும் ரப்பர் வைக்க வேண்டும்.

பழைய ஜல்லியைச் சுரண்டி எடுக்கவே பதினோரு நாள் ஆயிற்று. எல்லாவற்றையும் முதலிலிருந்து விரித்தார். இதைவிட நன்றாக அவர் எந்த லைனையும் போட்டதில்லை என்று நான் நம்புகிறேன். முடித்துவிட்டு, வண்டியை ஓடவிட்டு, பலகைக்கு அடியில் படுத்துக் கேட்டார். மின்விசிறிதான் கேட்டது. நாலைந்து நாள் கழித்துக் கடிதம் வந்தது.

‘மேல் வீட்டுக்கு. ஒன்றும் கேட்கவில்லை. நன்றாகத் தூங்குகிறேன். அன்றைக்குக் கோபமாக எழுதிவிட்டேன், மன்னிக்கவும். மிக்க நன்றி. ரோசலின்.’

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

ஒரு மாதம் கழிந்தது. இன்னும் பத்து நாளும் கழிந்தது. சீடர் லேப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் சுகந்தியே கிளம்பி அவர் வீட்டுக்குப் போனார். திருமலைசாமி கதவைத் திறந்தார். பனியனோடு இருந்தார்.

குரு முதல்முறை வீட்டுக்கு வந்திருக்கிறார் என்று அவசரமாகச் சட்டை போட்டுக்கொண்டு, காபி கலந்து கொடுத்து, வண்டியை ஓட்டிக் காட்டினார். எஞ்சின் ஆறு பெட்டியை இழுத்துக்கொண்டு பலகையைச் சுற்றியது. சுகந்தி குனிந்தார், நிமிர்ந்தார், பலகையில் காதை வைத்தார்.

“என்னோடதைவிட நல்லாப் போட்டிருக்கீங்க.”

திருமலைசாமி தலையாட்டினார். வேறொரு நாளாக இருந்தால் அந்த வார்த்தைக்கு இரண்டு நாள் தூங்கியிருக்கமாட்டார்.

“அப்பறம் ஏன் மொகம் இப்படி இருக்குது?”

அவர் வண்டியை நிறுத்தினார். நிறுத்தியதும் ஓடியதும் காதுக்கு ஒரே மாதிரி இருந்தது. எஞ்சினைப் பார்த்தபடியே சொன்னார்.

“பால் பையில இப்பெல்லாம் பால் மட்டும்தான் இருக்குதுங்க அம்மிணி.”

சுகந்தி காபி டம்ளரை ஓரமாக வைத்தார்.

பிறகு திருமலைசாமி தானாகவே பேச ஆரம்பித்தார். இந்தக் கட்டடத்துக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது, தன்னிடம் யாரும் ஏழெட்டு வார்த்தைக்குமேல் பேசியதில்லை, அந்தக் கடிதங்களில்தான் அதிக வார்த்தை இருந்தது என்றார். அலமாரியைத் திறந்து ஐந்து தாள்களையும் எடுத்துக் காட்டினார். பாலில் நனைந்தவற்றை உலரவைத்துத் தடித்த புத்தகத்துக்குள் வைத்து நேராக்கியிருந்தார். அந்த அம்மாவை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை என்றார். அவர் வரும்போது இவர் குளித்துக்கொண்டிருப்பார், அவர் போகும்போது இவர் பூங்காவில் இருப்பார். இதையெல்லாம் சொல்லும்போது அவர் குரு முகத்தைப் பார்க்கவில்லை.

“நேத்து ஒரு தப்புப் பண்ணிட்டேனுங்க.”

“என்னங்க?”

“பத்து மணி வண்டியக் கெளப்பிட்டு, அந்தச் சமையலறை மூலையில கார்க்கத் தொளச்சு ஒரு தீக்குச்சியச் சொருகுனேன். தண்டவாளத்தையும் பலகையயும் தொடற மாதிரி.”

“கேட்டுச்சா?”

“வண்டி அங்க வர்றதுக்குள்ள உருவிட்டேனுங்க. பாவம், தூங்கறாங்க.”

திருமலைசாமி தரையைப் பார்த்தபடியே கேட்டார். இத்தனை நாள் அவர் கேட்ட கேள்விகளிலேயே இதைத்தான் கேள்வி என்று சொல்ல வேண்டும்.

“அவங்க தூக்கமும் கெடக் கூடாது. மேல ஒருத்தன் இருக்கறானுட்டும் தெரியோணும். அதுக்கு அடியில என்ன விரிக்கறதுங்க?”

“மணி என்னங்க சார்?”

“நாலே காலுங்க.”

“அவங்க எந்திரிச்சிருப்பாங்களா?”

“நாலு மணிக்கே கீழ கொழாயில தண்ணி விழற சத்தம் கேக்குமுங்க. இன்னிக்கும் கேட்டுச்சு.”

இதைச் சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே காதில் விழுந்தது போலிருந்தது.

சுகந்தி எழுந்து வாசலுக்குப் போனார். கதவோரம் கிடந்த திருமலைசாமியின் செருப்பைக் கையில் எடுத்தார். அவர் பதறிப்போய், அதை ஏன் நீங்கள் தொடுகிறீர்கள் என்று பின்னாலேயே ஓடி வந்தார். சுகந்தி காதில் வாங்கவில்லை. செருப்பைக் கொண்டுபோய், கீழே இறங்கும் படிக்கட்டின் முதல் படியில், இறங்குகிற பக்கம் பார்த்து ஜோடியாக வைத்தார்.

திருமலைசாமி செருப்பைப் பார்த்தார். படிக்கட்டைப் பார்த்தார். மொத்தம் பதினெட்டுப் படி. பல ஊர்களில் மலையைக் குடைந்து லைன் போட்டவருக்குக் கால் வரவில்லை.

“போயி என்னன்னு சொல்றதுங்க அம்மிணி?”

“மேல் வீடுன்னு சொல்லுங்க.”